சேவைவழிக் கற்றலும் குழந்தைகளின் உடல் பருமனும்: உடற்கல்விப் பயிற்சியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடற்கல்வி ஆசிரியராகப் படிப்பவர்களைப் பள்ளிகளுக்கு அழைத்துப் போய்ச் சேவைவழிக் கற்றல் நடத்துவது என் வேலை. ஒவ்வோர் அணியும் ஏறக்குறைய அதே சந்தேகங்களோடு வருகிறது. தலைமையாசிரியர்களும் பெற்றோரும் கேட்பதும் அப்படித்தான். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

சேவைவழிக் கற்றல்னா என்ன? சமூக சேவைக்கு வச்ச புதுப் பேரா?

இல்லை. ஒரு நாள் போய்ப் பள்ளி மைதானத்தைச் சுத்தம் செய்து கொடுத்தால் அது நல்ல காரியம், சமூக சேவை. ஆனால் நீங்கள் படிக்கும் பாடத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. சேவைவழிக் கற்றலில், ஒரு பள்ளிக்கு உண்மையாகவே இருக்கும் ஒரு தேவைக்கு, நீங்கள் படித்த பாடத்தைக் கொண்டே ஏதாவது செய்கிறீர்கள். செய்ததைத் திரும்பிப் பார்த்து எழுதுகிறீர்கள். அடுத்த வாரம் மாற்றிச் செய்கிறீர்கள். பிள்ளைகளுக்கும் பயன் இருக்க வேண்டும், நீங்களும் எதையாவது கற்றிருக்க வேண்டும்.

இந்தப் பெயரை 1960களில் அமெரிக்காவில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ராபர்ட் சிக்மன், வில்லியம் ராம்சே. என்ன சேவை வேண்டும் என்பது அதைப் பெறுபவர்களின் கையில் இருக்க வேண்டும் என்று சிக்மன் 1979இல் எழுதினார். அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிப் பதில்கள் அதிலிருந்து வருபவைதான்.

அதான் கற்பித்தல் பயிற்சிக்குப் போறோமே, அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

கற்பித்தல் பயிற்சியில் பாடக்குறிப்பு முதலில் வரும், பிள்ளைகள் பிறகு வருவார்கள். ஒரு விளையாட்டுத் திறனைக் கற்றுக்கொடுத்துக் காட்ட வேண்டும். மேற்பார்வையாளர் உங்களைத்தான் பார்ப்பார். இங்கே முதல் இரண்டு வாரம் நீங்கள் விசிலையே தொட மாட்டீர்கள். இடைவேளையில் யார் ஓடுகிறார்கள், யார் சுவரோரம் நிற்கிறார்கள், மைதானத்தின் எந்த மூலை யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பீர்கள். ஆசிரியரிடமும் பிள்ளைகளிடமும் பேசுவீர்கள். அதற்குப் பிறகுதான் திட்டம்.

இன்னொரு வித்தியாசம், உடற்கல்வி படிக்க வருபவர்களில் பெரும்பாலானவர்கள் சின்ன வயதிலிருந்து நன்றாக விளையாடியவர்கள். அணி பிரிக்கும்போது கடைசியாக மிஞ்சி நின்ற அனுபவம் அவர்களுக்கு இருக்காது. அந்த இடத்தில் நிற்கும் பிள்ளையைப் பார்க்கக் கண்ணைப் பழக்குவதுதான், என் கணக்கில், இந்தப் பயிற்சியின் பெரும்பகுதி.

குழந்தைகள் கொஞ்சம் குண்டா இருந்தா என்ன? வளர்ந்தா சரியாயிடாதா?

சிலருக்குச் சரியாகும். ஆனால் சின்ன வயதில் உடல் பருமன் உள்ள பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாம் வகை நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் போன்றவை அவர்களுக்குச் சீக்கிரமே வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் 5 முதல் 19 வயதுக்குள் 39 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதிக எடையோடு இருந்தார்கள். அவர்களில் 16 கோடிப் பேருக்கு உடல் பருமன். 1990இல் இந்த வயதினரில் 8 சதவீதம் பேர் அதிக எடை. 2022இல் 20 சதவீதம்.

இதெல்லாம் பின்னால் வரக்கூடிய ஆபத்து. இன்றைக்கே நடக்கும் துன்பமும் உண்டு. கேலி, பட்டப்பெயர், விளையாட்டிலிருந்து ஒதுங்குவது, ஒதுங்கியதால் இன்னும் அசையாமல் இருப்பது. உடற்கல்வி ஆசிரியர் நேரடியாகக் கை வைக்கக்கூடிய இடம் இந்தச் சுழல்தான்.

சாப்பாடுதானே காரணம்? நாம ஓட விட்டு என்ன ஆகப்போகுது?

சாப்பாடு பெரிய காரணம், மறுக்கவில்லை. அதோடு மரபணு, தூக்கக் குறைவு, மன அழுத்தம், சில மருந்துகள், பாதுகாப்பாக விளையாட இடமில்லாத தெரு, திரை முன்னால் போகும் நேரம், குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரம் என்று பலதும் சேர்கிறது. ஒரு பிள்ளையின் சோம்பேறித்தனம் என்று இதைச் சுருக்கிவிட்டால் நாம் தொடங்கும்போதே தவறாகத் தொடங்குகிறோம்.

எடை ஒரு கிராம் குறையாவிட்டாலும் அசைவு வேலை செய்கிறது. இன்சுலினுக்கு உடல் நன்றாக இணங்குகிறது, எலும்பு வலுவாகிறது, ஓடினாலும் மூச்சு சீக்கிரம் வாங்குவதில்லை, மனசு லேசாகிறது. ஓடிக் கரைக்கும் கலோரியை வைத்து இதைக் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். எங்கள் கணக்கு வேறு: பிள்ளைக்குத் தன் உடம்பை அசைப்பது பிடித்துப்போக வேண்டும்.

வாரத்துக்கு ரெண்டு பீரியட்தான். அதுல என்ன சாதிக்க முடியும் சார்?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது தீவிரமான அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு 420 நிமிடம். இரண்டு பீரியட், தலா 45 நிமிடம் என்றால் 90. அதில் பாதி நேரம் பிள்ளைகள் நன்றாக அசைந்தாலே அது நல்ல வகுப்பு. ஆக 45 நிமிடம், தேவையில் ஒன்பதில் ஒரு பங்கு. பல வகுப்புகளில் அதுகூட நடப்பதில்லை.

எனவே இரண்டு வேலைகள். கிடைத்த 90 நிமிடத்தை வீணாக்காமல் இருப்பது ஒன்று. வகுப்புக்கு வெளியே பிள்ளை தானாக எடுத்துப் போகக்கூடிய எதையாவது கொடுப்பது இன்னொன்று. இடைவேளையில் நாலு பேர் சேர்ந்து ஆடக்கூடிய ஒரு விளையாட்டு, வீட்டு வாசலில் தனியாக ஆடக்கூடிய ஒன்று. ஸ்கிப்பிங் கயிறு, சாக்பீஸ் கட்டம், துணிப்பந்து போதும். விலை உயர்ந்த கருவியை வைத்து ஒன்றைக் கற்றுக்கொடுத்தால், கருவி திரும்பிப் போகும்போது விளையாட்டும் போய்விடும்.

குண்டா இருக்கிற பிள்ளைகளை மட்டும் தனியா எடுத்து ஸ்பெஷல் கிளாஸ் வச்சா சீக்கிரம் பலன் கிடைக்குமே?

வேண்டாம். தலைமையாசிரியர்கள் நல்ல மனதோடுதான் இதைக் கேட்கிறார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் மணி அடித்ததும் அந்தப் பத்துப் பேர் மட்டும் எழுந்து மைதானத்துக்குப் போவதை வகுப்பு முழுவதும் பார்க்கும். மாலைக்குள் அந்தக் குழுவுக்கு ஒரு பெயர் வந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் என்ன விளையாட்டு வைத்தாலும் அது தண்டனைதான்.

மொத்த வகுப்புக்கும் நடத்துங்கள். மெலிந்த பிள்ளைக்கும் 60 நிமிடம் தேவைதான். மருத்துவர் பரிந்துரைத்து, பெற்றோர் விரும்பி, பிள்ளையும் சம்மதித்துத் தனிப் பயிற்சி நடப்பது வேறு விஷயம். அது பயிற்சி மாணவர்கள் நடத்த வேண்டியது கிடையாது.

முதல்ல எல்லாருக்கும் எடை பார்த்து பி.எம்.ஐ. போட்டாதானே கடைசியில முன்னேற்றம் காட்ட முடியும்?

நான் பார்க்க விடுவதில்லை. பி.எம்.ஐ. என்பது எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண். 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியக் கணிதவியலாளர் அடோல்ஃப் கெத்தலே மக்கள்தொகைகளை ஆராயும்போது கண்ட சூத்திரம். தனி ஒரு குழந்தையைத் தரம் பிரிக்க அவர் அதைச் செய்யவில்லை. பெரியவர்களில் அதிக எடை, உடல் பருமன் என்று பிரிக்கும் 25, 30 என்ற எல்லைகள் பிள்ளைகளுக்குப் பொருந்தவும் பொருந்தாது. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப வளர்ச்சி வரைபடத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். பருவமடையும் வயதில் ஒரே வகுப்பில் உள்ள இரண்டு பேரின் உடம்பு இரண்டு வருட வித்தியாசத்தில் வளர்ந்துகொண்டிருக்கும்.

எல்லாருக்கும் முன்னால் தராசில் ஏற்றுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு பயிற்சி மாணவர் எண்ணைப் படிக்க, இன்னொருவர் சத்தமாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற ஒரு சிறுமி காலணியைக் கழற்றினாள், பெல்ட்டைக் கழற்றினாள், கடைசியில் தலையில் இருந்த கிளிப்பையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அன்றோடு தராசை மூட்டை கட்டினேன். எடை விவரம் தேவைப்பட்டால் பள்ளி மருத்துவப் பரிசோதனை பார்த்துக்கொள்ளும். எடைக்குப் பதில் என்ன அளப்பது என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

அப்ப எதைத்தான் அளக்கிறது?

அசைந்த நேரத்தை. இரண்டு பயிற்சி மாணவர்களில் ஒருவர் வகுப்பு நடத்தட்டும். மற்றவர் ஸ்டாப்வாட்ச்சோடு ஓரமாக உட்கார்ந்து ஒரே ஒரு பிள்ளையைப் பார்க்கட்டும். வேகமாக நடந்தால், ஓடினால், குதித்தால் ஸ்டாப்வாட்ச்சை ஓட விடுங்கள். நின்றால், உட்கார்ந்தால் நிறுத்துங்கள். இதையே முறையாகச் செய்ய, தாமஸ் மெக்கென்சியும் அவருடைய குழுவினரும் 1991இல் ‘சோஃபிட்’ என்ற கவனிப்பு முறையை வெளியிட்டார்கள். அதில் பிள்ளை படுத்திருக்கிறதா, உட்கார்ந்திருக்கிறதா, நிற்கிறதா, நடக்கிறதா, மிகச் சுறுசுறுப்பாக இருக்கிறதா என்று ஐந்தாகப் பிரித்துக் குறிப்பார்கள். நமக்குத் தொடக்கத்தில் ஸ்டாப்வாட்ச் போதும்.

முதல் முறை அளக்கும்போது எல்லாரும் அதிர்ந்து போகிறார்கள். ஒரு தடவை 40 நிமிட வகுப்பு. முப்பது பேர், ஒரு பந்து, இரண்டு நீள வரிசை. வகுப்பு எடுத்த மாணவிக்கு நன்றாக நடந்த திருப்தி. ஸ்டாப்வாட்ச் காட்டியது 6 நிமிடத்துக்கும் குறைவு. மீதி நேரம் அந்தப் பிள்ளை தன் முறைக்காக நின்றது, விளக்கம் கேட்டது, மறுபடி வரிசையின் கடைசிக்குப் போனது. அடுத்த வாரம் அதே மாணவி ஐந்தைந்து பேராக ஆறு குழு பிரித்தார், விளக்கத்தை ஒரு நிமிடத்துக்குள் முடித்தார். 19 நிமிடம் வந்தது. பிள்ளைகள் அதே பிள்ளைகள், மாறியது ஆசிரியரின் ஏற்பாடு மட்டும்தான்.

என்ன விளையாட்டு வைக்கலாம்னு ஒரு பட்டியல் கொடுங்களேன்?

பட்டியல் கொடுத்தால் அதையே வரிசையாக நடத்திவிட்டு வருவார்கள், அதனால் கொடுப்பதில்லை. உங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிடித்ததை அவர்களிடமே கேளுங்கள். பிறகு விதியை மட்டும் மாற்றுங்கள்.

முதலில் மாற்ற வேண்டியது ‘அவுட்’. அவுட் ஆனவர் வெளியே உட்கார வேண்டும் என்ற விளையாட்டில் முதலில் வெளியே வருவது யார்? அதிகம் அசைய வேண்டிய பிள்ளைதான். அவுட் ஆனால் மைதானத்தை ஒரு சுற்று நடந்துவிட்டு மறுபடி உள்ளே வரலாம் என்று வையுங்கள். ஓடிப்பிடிக்கும் விளையாட்டில் பிடிபட்டவர் சிலையாக நிற்க, கூட்டாளி தொட்டால் உயிர் வரும். அடுத்தது அணி பிரிப்பது. இரண்டு தலைவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பிறந்த மாதம், சட்டை எண், எதை வைத்தாவது பிரியுங்கள். ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுப்பதையும் நிறுத்துங்கள். தாமதமாக வந்தவனை மூன்று சுற்று ஓடச் சொல்லிவிட்டு, ஓடுவது இன்பம் என்று அவனுக்கே பாடம் எடுக்க முடியாது.

ஒரு பிள்ளை தினமும் "வயிறு வலிக்குது, நான் வரல"ன்னு உட்கார்ந்துடுது. கட்டாயப்படுத்தலாமா?

கட்டாயம் வேண்டாம், கைவிடவும் வேண்டாம். முதலில் வலி உண்மையா என்று பாருங்கள். உண்மையில்லை என்றால் எதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறது? உடை மாற்றும் இடமாக இருக்கலாம், தொடை உரசிப் புண்ணாகியிருக்கலாம், போன வாரம் யாரோ சொன்ன ஒரு வார்த்தையாக இருக்கலாம். எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். மைதானத்தில் எல்லை குறிக்கும் கூம்புகளை அடுக்கும்போது கூட வரச் சொல்லி, வேலையோடு வேலையாகப் பேசுங்கள்.

பிறகு சின்ன வேலை ஒன்று கொடுங்கள், ஆனால் அசைகிற வேலை. ஸ்கோர் எழுத உட்கார வைத்தால் அந்தப் பிள்ளை ஆண்டு முழுக்க ஸ்கோர்தான் எழுதும். கூம்பை இடம் மாற்றுவது, பந்து எடுத்து வீசுவது போல. உடம்பு பெரிதாக இருக்கும் பிள்ளைகள் பல நேரம் தள்ளுவது, இழுப்பது, தூக்குவது, எறிவதில் வலுவானவர்கள். வாரத்தில் ஒரு விளையாட்டாவது அப்படி இருக்கட்டும்.

எந்த வலிக்கு விளையாட்டை நிறுத்தணும்?

நொண்டி நடந்தால், இடுப்பு, தொடை அல்லது முழங்கால் வலி என்று சொன்னால் அன்றே நிறுத்திப் பெற்றோருக்குத் தகவல் சொல்லி மருத்துவரிடம் அனுப்புங்கள். அதிக எடையுள்ள, பருவமடையும் வயதுப் பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் மேல்முனை இடம் நழுவும் ஒரு நிலை வரலாம். பிரச்சினை இடுப்பில் இருக்க, வலி முழங்காலில் தெரியும். “சுளுக்குதான், கொஞ்சம் நடந்தா சரியாகும்” என்று நடக்க வைத்தால் மோசமாகும். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சு வாங்குவது நிற்காமல் போவது இவற்றுக்கும் இதே விதி.

நானே குண்டுதான். பிள்ளைகள் என் பேச்சைக் கேப்பாங்களா?

கேட்பார்கள். சொல்லப்போனால் சுவரோரம் நிற்கும் பிள்ளை உங்களிடம்தான் முதலில் வரும். உங்களைப் போன்ற உடம்போடு ஒருவர் விசிலோடு மைதானத்தின் நடுவில் நின்று சிரித்து விளையாடுவதை அந்தப் பிள்ளை இதுவரை பார்த்திருக்காது. ஒன்றே ஒன்று: பிள்ளைகள் காதுபட உங்கள் உடம்பை நீங்களே குறைத்துப் பேசாதீர்கள்.

அம்மாக்கள் வந்து "என்ன டயட் கொடுக்கலாம் மிஸ்?"னு கேக்கிறாங்க. தெரிஞ்சதைச் சொல்லலாமா?

டயட் சீட்டு எழுதிக் கொடுக்காதீர்கள். வளரும் பிள்ளைக்குப் பட்டினி போடுவதும் ஒரு வேளையைத் தவிர்ப்பதும் ஆபத்து. வீட்டில் எடையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பது உணவுக் கோளாறுக்குக்கூடக் கொண்டு போகும். மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் எல்லைக்குள் சொல்லக்கூடியது இருக்கிறது. இனிப்புப் பானத்துக்குப் பதில் தண்ணீர், 6 முதல் 13 வயதுப் பிள்ளைக்கு இரவு 9 முதல் 11 மணி நேரத் தூக்கம், பள்ளி முடிந்து வந்ததும் கொஞ்ச நேரம் வெளியே விளையாட்டு. இவற்றைக் குண்டான பிள்ளைக்கு மட்டும் வைக்காமல் வீட்டில் எல்லாரும் சேர்ந்து செய்யச் சொல்லுங்கள். அண்ணனுக்கு ஒரு சட்டம், தங்கைக்கு ஒரு சட்டம் என்றால் அது மறுபடி அந்த ‘ஸ்பெஷல் கிளாஸ்’ கதைதான்.

ரெக்கார்டு நோட்டுல தினமும் என்ன எழுதுறது? எல்லாம் ஒரே மாதிரிதான் வருது.

“இன்று வகுப்பு சிறப்பாக நடந்தது. மாணவர்கள் மகிழ்ச்சியுடன் பங்கேற்றனர்.” இப்படி எழுதிய பக்கங்களை நூற்றுக்கணக்கில் திருத்தியிருக்கிறேன். அதில் கற்றல் எதுவும் இல்லை. டெர்ரி போர்டன் 1970இல் முன்வைத்த மூன்று கேள்விகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்: என்ன நடந்தது? அதனால் என்ன? இனி என்ன?

ஒரு மாணவர் எழுதியதை அப்படியே சொல்கிறேன்: “சிவப்புக் கூம்புப் பக்கம் நின்ற பையன் பந்து வரும்போதெல்லாம் ஒரு அடி பின்னால் போனான். மூன்றாவது தடவைதான் கவனித்தேன். நன்றாக ஆடும் நாலு பேர் பக்கமே நான் நின்றுகொண்டிருந்தேன். நாளைக்குச் சிவப்புக் கூம்புப் பக்கம் நிற்பேன்.” நாலே வரி. நான் கேட்பது இவ்வளவுதான். மதிப்பெண்ணும் இதற்குத்தான், களத்தில் எத்தனை மணி நேரம் இருந்தீர்கள் என்பதற்கோ, பிள்ளைகளின் உடம்பில் என்ன மாறியது என்பதற்கோ மதிப்பெண் கிடையாது.

பன்னிரண்டு வாரம் நடத்தினோம். ஒருத்தருக்கும் உடம்பு குறைஞ்ச மாதிரி தெரியல. தோத்துட்டோமா?

பன்னிரண்டு வாரத்தில் குறையும் என்று யாராவது வாக்குக் கொடுத்திருந்தால் அவர்கள்தான் தப்பு. பள்ளிகளில் நடந்த பெரிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாலும் உடல் எடையில் சராசரி மாற்றம் சிறியதாகவே இருக்கிறது. பிள்ளைகள் உயரமாகவும் வளர்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள். எடை அப்படியே நின்று உயரம் கூடினாலே அது நல்ல மாற்றம், கண்ணுக்குத் தெரியாது.

வேறு இடத்தில் பாருங்கள். முன்பே சொன்ன ஸ்டாப்வாட்ச் நிமிடங்கள் கூடினவா? வயிற்று வலி சொன்ன பிள்ளை எத்தனை வாரமாகச் சொல்லவில்லை? இடைவேளையில் சுவரோரம் நிற்பவர்கள் குறைந்தார்களா? பட்டப்பெயர் காதில் விழுவது குறைந்ததா? அப்புறம், உங்களைப் பாருங்கள்: நீங்கள் முதலில் எழுதிய பாடக்குறிப்பையும் கடைசி வாரப் பாடக்குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

நாங்க போனதும் எல்லாம் நின்னுடும். அப்புறம் எதுக்கு இத்தனை பாடு?

நியாயமான கவலை. பல திட்டங்கள் அப்படித்தான் நின்றன, எங்களுடையதும் சேர்த்து. ஆரம்பத்தில் பயிற்சி மாணவர்கள் வந்ததும் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் அறைக்குப் போய்விடுவார். கடைசி நாள் கைதட்டலோடு கதை முடிந்தது. இப்போது அவர் இல்லாமல் ஒரு வகுப்பும் நடத்துவதில்லை. எட்டாவது வாரத்திலிருந்து அவர் நடத்துவார், நாம் உதவுவோம்.

பிள்ளைகளிடமும் ஒப்படைக்க வேண்டும். அமெரிக்க உடற்கல்வி அறிஞர் டான் ஹெலிசன் வகுத்த பொறுப்புணர்வு முறை இதற்குக் கைகொடுக்கும்: மற்றவரை மதிப்பது, முயல்வது, தன்னைத் தானே நடத்திக்கொள்வது, பிறருக்கு உதவுவது, இதையெல்லாம் மைதானத்துக்கு வெளியே கொண்டுபோவது என்று ஐந்து படிகள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் இடைவேளையில் சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்தத் தொடங்கினால், நாம் போன பிறகும் அது ஓடும்.

கேக்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. சேவைங்கிற பேர்ல எங்க பிள்ளைகளை வச்சு உங்க மாணவர்கள் பழகிக்கிறாங்க, அப்படித்தானே?

ஒரு தந்தை பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டது. ஆமாம், பழகத்தான் செய்கிறார்கள் என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். அதனால்தான் கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறோம். பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் கவனித்துக் குறிப்பு எடுப்பதில்லை. நோட்டில் பெயர் எழுதுவதில்லை, அடையாளம் தெரியும்படி எதையும் எழுதுவதில்லை. திட்டத்துக்கு முன், திட்டத்துக்குப் பின் என்று பிள்ளைகளின் உடம்பைப் படம் எடுப்பதில்லை. பயிற்சி மாணவரின் பாடத்துக்கும் பிள்ளையின் நலனுக்கும் மோதல் வந்தால் பாடத்தை அங்கேயே நிறுத்துவோம். மாணவருக்கு மதிப்பெண் குறையாது. பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால் எந்த நாளும் விலகலாம், காரணம் கேட்க மாட்டோம்.

அவர் அதோடு விடவில்லை. “என்ன நடத்தணும்னு பிள்ளைகளைக் கேட்டீங்களா?” என்றார். அப்போது ஆசிரியரைத்தான் கேட்டிருந்தோம், பிள்ளைகளைக் கேட்கவில்லை. இப்போது முதல் வாரம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வெற்றுத்தாள் கொடுத்து, மைதானத்தை வரைந்து தனக்குப் பிடித்த இடத்தையும் பிடிக்காத இடத்தையும் குறிக்கச் சொல்கிறோம். திட்டம் எழுத உட்காரும்போது அந்தத் தாள்கள்தான் மேசையில் முதலில் விரிகின்றன.